காலி மைதானத்தின் கணக்கு: வடசென்னை கால்பந்து கிளப் ஒன்றின் கொரோனா வருடங்கள்

வியாசர்பாடிப் பக்கம் இருக்கிற ஒரு கால்பந்து கிளப்புக்கு 2016 முதல் நான்தான் கணக்கு எழுதுகிறேன். பகலில் பாரிமுனையில் ஒரு கம்பெனியிலும் அதே வேலை. அங்கே சம்பளம் உண்டு, இங்கே டீ உண்டு. கிளப் பெயரையும் ஆட்கள் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஆனால் தொகைகள் எல்லாம் எங்கள் நீள நோட்டில் இருந்து எடுத்தவை. 2020 மார்ச்சில் தொடங்கி 2023 வரை எங்களுக்கு என்ன ஆனது, எந்த முடிவை ஏன் எடுத்தோம், எதில் சொதப்பினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். வேறு கிளப்பில் நோட்டைக் கையில் வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும்.

பின்னணி

சென்னையில் பந்து ஆடிப் பிழைப்பதற்கு ரொம்ப காலமாக ஒரே வழிதான் இருந்தது, ஆபீஸ் டீம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி என்று ஏதாவது ஒன்றில் ஆட்டத்தைக் காட்டி வேலைக்குள் நுழைந்துவிட்டால், முழங்கால் போனாலும் சம்பளம் வரும். அந்த வாய்ப்புகள் சுருங்கிக்கொண்டே வந்த காலத்தில்தான் எங்களைப் போன்ற கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கின. பெரிய சம்பளம் இல்லை, 5,000 முதல் 12,000 வரை. ஆனாலும் அது சம்பளம். எங்கள் தெருக்களில் ஒரு பையன் "பந்து ஆடி மாசம் பணம் வருது" என்று வீட்டில் சொல்ல முடிந்ததே பெரிய விஷயம்.

2020 தொடக்கத்தில் மாதச் செலவு இப்படி இருந்தது. 14 ஆட்டக்காரர்களுக்கு 98,000 ரூபாய், மாஸ்டருக்கு 20,000 (கோச்சை எங்கள் பக்கம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்), உதவி மாஸ்டருக்கு 8,000, வெளியூர்ப் பையன்கள் நான்கு பேர் தங்கிய வீட்டு வாடகை 14,000, பிராக்டீஸ் முடிந்ததும் கொடுக்கும் பால், முட்டை, வாழைப்பழத்துக்கு 11,000, டேப், ஸ்ப்ரே, மருந்துக்கு 3,000, மைதானத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோடு போடும் பெரியவருக்கு 5,000. மொத்தம் 1,59,000.

வரவு, வருடக் கணக்கை 12-ஆல் வகுத்தால், மாதம் சுமார் 1,60,000 வந்தது. இதில் 60,000 ஒரே ஆள் கொடுத்தது. துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் லாரிகள் வைத்திருப்பவர், சின்ன வயதில் எங்கள் மைதானத்தில் ஆடியவர். பயிற்சிக்கு வரும் 70 பிள்ளைகளின் கட்டணம் 35,000. ஜெர்சியில் பெயர் போடும் மசாலா கம்பெனி வருடத்துக்கு 1,80,000 தரும், ஜனவரியில் பாதி, ஜூலையில் பாதி. கோடைப் பயிற்சி முகாம், மே மாதம் நாங்களே நடத்தும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டி, ஜெயித்த பரிசுப் பணம், கமிட்டி ஆட்கள் கைக்காசு ஆகியவை மீதி.

கவனித்தால் தெரியும், வரவுக்கும் செலவுக்கும் நடுவில் ஆயிரம் ரூபாய்தான் இடைவெளி. வரும் பணத்தில் 79 சதவீதம் சம்பளமாகவே போனது. இது ஆபத்து என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். சொன்னேனா என்றால், ஒரு தடவை டீக்கடையில் சொன்னேன். எங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்டில் பார்சிலோனா கிளப்பின் தலைவர் லபோர்தா, தங்கள் சம்பளச் செலவு வரவில் 103 சதவீதம், கடன் 135 கோடி யூரோ என்று வெளிப்படையாகச் சொன்னார். மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியாமல் போன மாதம் அது. தொகையில் எத்தனை சுழியம் என்பதில்தான் வித்தியாசம், வியாதி ஒன்றுதான்.

மார்ச், ஏப்ரல் 2020: ரெண்டு மாசத்தில் சரியாகிவிடும்

மார்ச் 14-ஆம் தேதி கோவாவில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம். சென்னையின் எஃப்.சி. கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. ஃபடோர்டா மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. டிவியில் ஆட்டக்காரர்கள் கத்துவதும் பந்து உதைபடுவதும் தனியாகக் கேட்டது. கிளப் அறையில் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து அதைப் பார்த்தோம், மாஸ்க் யாரிடமும் இல்லை. பக்கத்தில் இருந்த எங்கள் கோலி (கோல் கீப்பர்), "ண்ணா, செத்த வீடு மாதிரி இருக்குல்ல" என்றான். பத்து நாளில் ஊரடங்கு வந்துவிட்டது.

மார்ச் கடைசியில் வங்கியில் 2,15,000 இருந்தது. ஆனால் அதில் 45,000 எங்கள் பணமே இல்லை. மே மாத செவன்ஸுக்கு அணிகள் கட்டிய நுழைவுக் கட்டணமும் பேனர் விளம்பரத்துக்குக் கடைக்காரர்கள் கொடுத்த முன்பணமும் அது. மசாலா கம்பெனி ஜனவரியில் கொடுத்த 90,000 பிப்ரவரியிலேயே பூட்ஸ், கிட், பழைய பாக்கி என்று கரைந்திருந்தது. ஆறு மாதத்துக்கான பணத்தை ஆறு வாரத்தில் தின்றுவிட்டோம் என்பதை அப்போது யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

கமிட்டி போனிலேயே பேசி முடிவெடுத்தது. ஏப்ரலுக்கு எல்லாருக்கும் முழுச் சம்பளம். ரெண்டு மாசத்தில் சரியாகிவிடும், இப்போது கையை விரித்தால் பையன்கள் வேறு டீமுக்குப் போய்விடுவார்கள் என்பது தலைவரின் வாதம். நானும் சரி என்றேன். டிரெய்லர் முதலாளி ஏப்ரலில் 30,000 கொடுத்தார். துறைமுகம் ஓடியது, ஆனால் டிரைவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், வண்டிகள் மணலியில் வரிசையாக நின்றன. அதோடு அவரும் நிறுத்திக்கொண்டார். பிள்ளைகளின் கட்டணம் ஏப்ரலில் ஒரு ரூபாய்கூட இல்லை.

செலவில் பால், முட்டை, டேப் நின்றது. கூடவே மைதானப் பெரியவரின் 5,000-உம் நின்றது. மைதானமே பூட்டியிருக்கிறது, கூட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்து அவர் பெயருக்கு நேராக நான்தான் ஒரு கோடு போட்டேன். கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. இதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏப்ரல் முடிவில் கையில் 1,05,000.

இந்த இடத்தில் பெரிய கிளப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கமிட்டி வாட்ஸ்அப்பில் தினமும் அந்தச் செய்திகள்தான் ஓடின. பெரிய கிளப்புக்கு மூன்று வழியில் பணம் வரும். ஆட்ட நாள் வசூல், டிவி உரிமை, விளம்பரமும் ஜெர்சி விற்பனையும். தொற்று முதலில் அடைத்தது ஆட்ட நாள் வசூலை. அதனால்தான் ஜெர்மன் லீக் 2020 மே 16-இலேயே காலி மைதானத்தில் ஆட்டத்தைத் தொடங்கியது, இங்கிலாந்து ஜூன் 17-இல் தொடங்கியது. ரசிகர் வராவிட்டால் நஷ்டம்தான், ஆனால் ஆட்டமே நடக்காவிட்டால் டிவி பணமும் போய்விடும். பிரான்ஸ் அந்த சீசனைப் பாதியிலேயே முடித்துக்கொண்டது. அந்த சீசனில் உலகின் முதல் 20 பணக்கார கிளப்புகளின் வரவு 930 கோடி யூரோவில் இருந்து 820 கோடியாக, அதாவது 12 சதவீதம் குறைந்தது என்று டெலாய்ட் என்கிற தணிக்கை நிறுவனம் கணக்குக் காட்டியது. எங்களுக்கு அந்த ஏப்ரலில் மட்டும் வரவு 81 சதவீதம் விழுந்திருந்தது, மே மாதம் நூறு சதவீதம்.

மே, ஜூன் 2020: திருப்பிக் கொடுத்த பணமும் அடகு வைத்த நகையும்

மே முதல் வாரம் செவன்ஸ் இல்லை என்று அறிவித்தோம். நாங்கள் அறிவிக்க என்ன இருக்கிறது, ராயபுரம் மண்டலம் அப்போது சென்னையிலேயே அதிகத் தொற்று உள்ள இடங்களில் ஒன்று, எங்கள் தெரு இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்திருந்தது. கோயம்பேடு மூடிய பிறகு எங்கள் மைதானத்தில் காய்கறிக் கடைகள் போட்டார்கள். நான் தக்காளி வாங்கப் போனபோது வடக்குப் பக்க பெனால்டி இடத்தில் ஒருவர் வெங்காய மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார், கோல் போஸ்ட்டில் தராசு தொங்கியது. சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

முன்பணம் கொடுத்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களும் என்ன செய்வார்கள், கடை மூடியிருக்கிறது. அடுத்த வருடப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம் என்றார் ஒரு கமிட்டி அண்ணன். நான் மறுத்தேன். 45,000-ஐயும் இருபது நாளில் திருப்பிக் கொடுத்தோம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகளும் ஆட்டங்கள் தள்ளிப்போனதற்காக டிவி கம்பெனிகளுக்கு 30 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பித் தர வேண்டியிருந்தது என்று பின்னால் படித்தேன். நடக்காத ஆட்டத்துக்கு வாங்கிய பணம் கடன்தான், எந்த ஊரிலும். இந்த இரண்டு வருடத்தில் நான் முழுசாகச் சரியென்று சொல்லக்கூடிய முதல் முடிவு அது. அடுத்த மே மாதம் அதே கடைக்காரர்கள்தான் எங்களுக்குக் கை கொடுத்தார்கள்.

மிச்சம் 60,000. மே மாதச் சம்பளமும் வாடகையும் சேர்த்து 1,40,000 வேண்டும்.

அப்போது தலைவர் செய்த காரியம் நல்ல மனசில் செய்தது, அதனால்தான் தப்பு என்று சொல்லவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஜூன் முதல் வாரம் மனைவியின் வளையல் நான்கையும் ஆரத்தையும் சேட்டு கடையில் வைத்து 1,50,000 வாங்கி வந்து மேஜையில் வைத்தார். இரண்டு வட்டி, அதாவது மாதம் 3,000. "ஜூலைல லீக் ஆரம்பிச்சிடும், செப்டம்பர்ல மீட்டுடலாம்" என்றார். ஜூன் 8-ஆம் தேதி மே மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தோம். கையில் 70,000 நின்றது. பதினோரு நாள் கழித்து, ஜூன் 19, சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு.

என் பார்வையில் ஏப்ரலிலேயே ஆட்டக்காரர்களை உட்கார வைத்துப் பேசியிருந்தால் நகை அடகுக்குப் போயிருக்காது. பார்சிலோனா ஆட்டக்காரர்கள் மார்ச் கடைசியிலேயே 70 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். இத்தாலியின் யுவென்டஸ் ஆட்டக்காரர்கள் நான்கு மாதச் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தார்கள். கோடிகளில் வாங்குகிறவர்களால் முடியும், எங்கள் பையன்களால் முடியாது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவர்களிடம் கேட்கவே இல்லை. அதில் கொஞ்சம் கௌரவமும் இருந்தது, சம்பளம் கொடுக்கிற கிளப் என்ற பெயர் போய்விடுமே என்று.

ஜூலை 2020: மொட்டை மாடி

ஜூலை இரண்டாவது ஞாயிறு சாயங்காலம், தலைவர் வீட்டு மொட்டை மாடியில் இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். வெளியூர்ப் பையன்கள் நால்வரும் போனில். நான் நோட்டை எல்லார் முன்னாலும் பிரித்து வைத்தேன். இதற்கு முன் ஆட்டக்காரர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. பல பேருக்கு அடுத்தவன் சம்பளம் எவ்வளவு என்றே அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஐந்து நிமிஷம் ரொம்ப சங்கடமாக இருந்தது, "அவனுக்கு பன்னெண்டா?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான், யாரும் பதில் சொல்லவில்லை.

கோலி கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினான். அவன் அப்போது காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு வரும் மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தான், கையெல்லாம் செதில் கீறிய கோடுகள். ஏப்ரல் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினான்.

"தாத்தாவுக்கு ஏன்ணா கோடு போட்டுருக்க?"

நான் மைதானம் பூட்டியிருந்தது என்று ஆரம்பித்தேன். அவன் முடிக்க விடவில்லை.

"நாங்களும்தான ஆடல."

அதற்கு மேல் பேச என்னிடம் எதுவும் இல்லை. 98,000-ஐ முழுசாகக் கொடுத்துவிட்டு 5,000-ஐ மிச்சம் பிடித்திருந்தேன். அந்த ஏப்ரலில் லிவர்பூல் கிளப் ஆட்டக்காரர்கள் அல்லாத ஊழியர்களை அரசாங்க உதவிச் சம்பளத் திட்டத்தில் தள்ளிவிட்டு, ஊரே திட்டியதும் இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தியை குரூப்பில் போட்டு கிண்டல் செய்தவனே நான்தான். அவர்களுக்கு இரண்டு நாள், எனக்கு மூன்று மாதம். கூட்டம் முடிந்ததும் பெரியவர் வீட்டுக்குப் போய் 15,000 கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

சம்பளத்துக்கு மாடியில் மூன்று யோசனை வந்தது. எல்லாருக்கும் சரி பாதி, யாருக்கும் எதுவும் இல்லை, அல்லது வீட்டு நிலைமையைப் பார்த்து. பேசிப் பேசி மூன்றாவதில் நின்றோம். குடும்பம் இவர்கள் சம்பளத்தில் மட்டும் ஓடுகிற ஐந்து பேருக்கு 60 சதவீதம், மற்ற ஒன்பது பேருக்கு 30 சதவீதம், உதவி மாஸ்டருக்குப் பாதி. மாஸ்டர் ரயில்வே பென்ஷன் வாங்குகிறவர், தனக்கு வேண்டாம் என்றார், பாக்கியாகவும் எழுதக்கூடாது என்றார். மற்றவர்களுக்குக் குறைத்த தொகை பாக்கி என்று நோட்டில் எழுதி, ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாதம் 46,900-இல் முடிந்தது.

குறைப்பதா, தள்ளிவைப்பதா என்பதில்தான் அன்றைக்கு அதிக நேரம் போனது. தள்ளிவைப்பது கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அது கிளப்பின் தலையில் ஏறும் கடன். எங்கள் ஸ்டாப்பர் பேக் (கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவன்) ஒருவன், "பாக்கின்னு எழுதிட்டு குடுக்காம போறதுக்கு, இல்லன்னு சொல்லிடுங்கண்ணா, நான் வேற வேலை பாத்துக்கறேன்" என்றான். அவன் சொன்னதுதான் சரி என்று இரண்டு மாதத்தில் புரிந்தது.

வெளியூர்ப் பையன்கள் இ-பாஸ் வாங்கி ஊருக்குப் போனதும் வீட்டைக் காலி செய்தோம். 50,000 அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க என்று 8,000 பிடித்துக்கொண்டு 42,000 வந்தது. சென்னை வீட்டுக்காரர்களின் பெயின்ட் கொரோனாவிலும் காயவில்லை. துபாய், சிங்கப்பூரில் இருக்கிற பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து 85,000 அனுப்பினார்கள். இதெல்லாம் சேர்த்து ஆகஸ்ட் வரை ஓட்டினோம். கையில் 31,300, நோட்டில் பாக்கி 1,77,300, அடகுக் கடையில் ஒன்றரை லட்சம்.

செப்டம்பர் 2020: நிறுத்திவைத்தது

பிராக்டீஸ் தொடங்கும் வரை ஒப்பந்தம் நிற்கிறது, சம்பளமும் இல்லை, புதிதாகப் பாக்கியும் ஏறாது, யார் வேண்டுமானாலும் எந்த வேலைக்கும் எந்த டீமுக்கும் போகலாம். செப்டம்பர் 1-ஆம் தேதி எடுத்த முடிவு இது. பெரியவரின் 5,000 மட்டும் நிற்காது, அதைக் கமிட்டி ஆட்கள் கைக்காசில் கொடுப்பது என்றும் சேர்த்து எழுதினோம்.

ஒப்பந்தம் என்று சொல்கிறேனே தவிர, எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்தில் இருந்திருந்தால் எந்த மாதத்தில் நிறுத்தலாம், முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று அதிலேயே இருந்திருக்கும், ஆறு மாதம் ஆகியிருக்காது. எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. பிரெஞ்சு லீக் வருடத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் டிவி பணம் வரும் என்று மீடியாப்ரோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. 2020 அக்டோபரில் அந்தக் கம்பெனி தவணையைக் கட்டவில்லை, டிசம்பரில் ஒப்பந்தமே முறிந்தது. அந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் பேசியிருந்த கிளப்புகள் தவித்தன. வராத பணத்தை வரவில் எழுதியதில் எங்கள் டிரெய்லர் முதலாளி கணக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவர் நல்ல மனுஷன் என்பதைத் தவிர.

பையன்கள் பிழைத்துக்கொண்டார்கள். மூன்று பேர் சாப்பாடு டெலிவரிக்கு வண்டி ஓட்டினார்கள், இருவர் கன்டெய்னர் யார்டில், ஒருவன் பெயின்டர் மாமாவோடு. வழக்கமாகக் கேரளாவில் செவன்ஸ் ஆடி நாலு காசு பார்க்கிற இருவருக்கு அந்த வருமானமும் இல்லை, மலப்புறத்தில் போட்டிகள் மார்ச்சிலேயே நின்றுவிட்டன, அங்கே ஆட வந்த ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களே ஊர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 2021: போகாத போட்டி

ஐ.எஸ்.எல். அந்த சீசன் முழுவதையும் கோவாவிலேயே, மூன்று மைதானங்களில், வெளியாள் நுழையாத பாதுகாப்பு வளையத்துக்குள் நடத்தினார்கள். டிவியில் தினமும் ஆட்டம் ஓடியதைப் பார்த்துப் பையன்களுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. அந்த நேரத்தில் வேறொரு மாவட்டத்தில் நடந்த போட்டிக்கு அழைப்பு வந்தது. ரசிகர் கிடையாது, எல்லாருக்கும் டெஸ்ட், ஒரே லாட்ஜில் ஏழு நாள்.

கணக்குப் போட்டேன். பயணம், தங்கல், சாப்பாடு, டெஸ்ட் எல்லாம் சேர்த்து 1,10,000. முதல் பரிசே 50,000. கேட் வசூல் இல்லை, டிவி இல்லை, எங்கள் ஜெர்சியை யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால் மசாலா கம்பெனியும் காசு தராது. காலி மைதானத்தில் ஆட்டம் என்பது டிவி பணம் இருக்கிறவர்களுக்கு வரவு, எங்களுக்கு அது வெறும் செலவு. ஒரே ஆட்டம், ஒரே காலி கேலரி, கணக்கு மட்டும் தலைகீழ். இங்கிலாந்தில்கூடக் கீழ்ப் பிரிவு கிளப்புகள் கேட் காசை நம்பித்தான் ஓடுகின்றன, அவற்றைக் காப்பாற்ற 2020 டிசம்பரில் பிரீமியர் லீக் 25 கோடி பவுண்டு உதவித் திட்டம் ஒத்துக்கொண்டது. அதற்குள் மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் என்கிற பழைய கிளப்பை நீதிமன்றம் மூடச் சொல்லியிருந்தது. எங்களுக்கு மேலே அப்படிக் கை நீட்ட யாரும் இல்லை.

போக வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பையன்கள் கோபப்பட்டார்கள், இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். அந்த ஸ்டாப்பர் பேக் இன்னொரு டீமோடு அந்தப் போட்டிக்குப் போனான், நன்றாக ஆடினான், அங்கேயே ஒரு கிளப் அவனை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் ஒரு விங்கரும் போனான். ஆள் மாறினால் பழைய கிளப்புக்குக் கிடைக்கும் மாற்றுத் தொகை என்று கேட்க எங்களிடம் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லை.

காசுக் கணக்கில் அந்த முடிவு சரி. போயிருந்தால் இன்னொரு நகை அடகுக்குப் போயிருக்கும். ஆனால் ஒரு வருடமாக யார் கண்ணிலும் படாத 22 வயசுப் பையனுக்கு அந்த ஏழு நாள் என்ன விலை என்பதை நான் நோட்டில் எந்தக் கட்டத்திலும் போடவில்லை.

ஏப்ரல், மே 2021: இரண்டாவது அலை

பிப்ரவரியில் பிராக்டீஸ், ஏப்ரலில் கோடை முகாம். 38 பிள்ளைகள் சேர்ந்தார்கள். இந்தத் தடவை கட்டணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, முகாம் பாதி முடியும் வரை தொடுவதில்லை என்று வைத்தோம். மே 10-ஆம் தேதி முழு ஊரடங்கு. மூன்று நாளில் எல்லாப் பெற்றோருக்கும் மீதிக் கட்டணம் ஜிபேயில் போய்விட்டது. கடன் வாங்கவில்லை, யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கூட்டம் போனிலேயே பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. எங்கள் பேனரில் முன்பு பெயர் போட்ட கடைக்காரர்கள் ஐந்து பேர், கேட்காமலே ஆட்டக்காரர் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பினார்கள்.

அந்த மாதம் கமிட்டியில் ஒருவரை இழந்தோம், அடுத்த வருடப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட அதே அண்ணன். ஆக்சிஜன் படுக்கைக்காக மூன்று நாள் போன் செய்துகொண்டே இருந்தோம். இப்போது மே மாத செவன்ஸ் கோப்பை அவர் பெயரில்தான்.

2021 செப்டம்பர் முதல் 2023 வரை: மீண்டது எவ்வளவு

திரும்பி வந்தபோது 14 பேரில் 9 பேர்தான் இருந்தார்கள். இருவர் வேறு கிளப், மூன்று பேர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். டெலிவரியில் மாதம் 18,000 பார்த்தவன் 6,000 சம்பளத்துக்கு ஏன் வருவான். மூன்று புதியவர்களைச் சேர்த்து 12 பேர் ஆக்கினோம். அடிப்படைச் சம்பளம் மொத்தம் 55,000, அதற்கு மேல் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 500. ஆட்டம் நடந்தால் செலவு, நடக்காவிட்டால் இல்லை. எல்லாம் இரண்டு பக்கக் காகிதத்தில், தமிழில், இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு.

டிரெய்லர் முதலாளி 2022 ஜனவரியில் திரும்பினார், 60,000 இல்லை, 25,000. நான் உள்ளூர சந்தோஷப்பட்டேன். அவரோடு ஆளுக்கு 10,000 தருகிற இரண்டு சின்ன ஸ்பான்சர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் போனாலும் இப்போது கிளப் படுக்காது.

2022 பிப்ரவரியில் நகையை மீட்டோம். இருபது மாதம், வட்டி மட்டும் 60,000, ஜூலை 2020-இல் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்த ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். தலைவரின் மனைவி வளையலைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த கொரோனாவுக்கு உங்க கப்பெல்லாம் அடகு வைங்க" என்றார். தலைவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய பாக்கியை 2022, 2023 மே மாத செவன்ஸ் லாபத்தில் தவணையாகக் கொடுத்தோம்.

இப்போது மாற்றியவையும் மாற்றாதவையும்

மொத்தமாக வரும் ஸ்பான்சர் பணத்தை வந்த மாதத்தில் செலவு செய்வதில்லை, மாதம் பிரித்துத்தான் எடுக்கிறோம். போட்டி முன்பணம் தனிக் கணக்கு. மூன்று மாதச் சம்பளம் கையிருப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டோம், இதை எழுதும் வரை ஒன்றரை மாதத்துக்குத்தான் சேர்ந்திருக்கிறது, நல்ல ஆட்டக்காரன் ஒருவன் வந்து நின்றால் கமிட்டிக்குக் கை அரிக்கிறது, என்ன செய்ய. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோட்டை ஆட்டக்காரர்கள் முன்னால் பிரிக்கிறோம். மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால் முதல் மாதமே மொட்டை மாடிக்குப் போவேன், பெரியவரையும் கூப்பிட்டு உட்கார வைப்பேன். காலி மைதானப் போட்டிக்கு அணி போக முடியாவிட்டாலும், போக விரும்பும் பையன்களை வேறு டீமோடு நாங்களே பேசி அனுப்பலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

பாக்கியில் எல்லாம் 2023 ஜூனுக்குள் தீர்ந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஸ்டாப்பர் பேக்குக்கு மூன்று மாதத்துக்கு 12,600 தர வேண்டும். போன் நம்பர் மாறிவிட்டது, அவன் அம்மா கொடுங்கையூரில் இருந்து வீடு மாறிவிட்டார். ஒவ்வொரு ஏப்ரலும் புது நோட்டு போடும்போது முதல் பக்கத்தில் முதல் வரியாக அந்தத் தொகையை எழுதி, அவன் பெயருக்கு நேரே இடம் விட்டு வைக்கிறேன்.